காயாத துணி

நவ. 3
மறுபடி வந்துவிட்டது, வெள்ளைப்படுதல். இந்த வருஷத்தில் நாலாவது தடவை.

நவ. 4
மூன்று நாளாகத் துணி கொடியிலேயே கிடக்கிறது. உள்பாவாடையை இஸ்திரி போட்டுக் காய வைத்தேன். நாடாவில் மட்டும் ஈரம் நின்றுவிட்டது. "என்னம்மா, தினமும் ரெண்டு தடவை மாத்துற?" என்றார் அத்தை. சளி என்றேன். சளிக்கும் பாவாடைக்கும் என்ன சம்பந்தம் என்று நல்லவேளையாகக் கேட்கவில்லை.

நவ. 6
அரிப்பு. தூக்கமில்லை.

நவ. 7
லேடி டாக்டர். கடையில் கேட்டு வாங்கிப் போட்ட ட்யூபைக் காட்டினேன். திருப்பிப் பார்த்து, "இதுல ஸ்டீராய்டு இருக்கு. அப்போதைக்கு அடங்கும், அப்புறம் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்" என்றார். பேர் கேண்டிடா. வாயிலும் குடலிலும் நல்லா இருக்கிறவர்களுக்கும் உண்டாம். அதை அடக்கி வைக்கும் பாக்டீரியாவை, போன மாதம் இருமலுக்குத் தின்ற ஆன்டிபயாடிக் கொன்றிருக்கலாம். மூன்று வேளை சோப்பு போட்டுக் கழுவுகிறேன் என்றதும் திட்டு. வெறும் தண்ணீர் போதுமாம். நான் சுத்தமில்லாதவள் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.
பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தார். சர்க்கரைக்கும் ரத்தம்.

நவ. 8
மாவு பொங்கவில்லை. கம்பளி சுற்றி வைத்தும். இந்தக் குன்னூர் குளிரில் நான் மட்டும்தான் பொங்குகிறேன் போல.
ஈஸ்ட் போட்ட பன், வர்க்கி எல்லாவற்றையும் விடு என்கிறாள் அக்கா, போனில். கேண்டிடாவும் ஒரு ஈஸ்ட்தான், ஆனால் ரொட்டி ஈஸ்ட் வேறு, இது வேறு. நாலு மணிக்கு இரண்டு வர்க்கி, டீயில் தோய்த்து.

நவ. 10
மழை. பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைப்பு, ரயிலும் இல்லை. டாக்டர் எடுத்த என் பஞ்சுக் குச்சி கோவை லேபுக்குக் கோத்தகிரி வழியாகப் போகிறதாம். ஊர் சுற்றட்டும்.

நவ. 13
கேண்டிடாவேதான். எச்பிஏ1சி 8.4. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அது. ஒருநாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. சர்க்கரை ஏறினால் இதுவும் விடாதாம். அம்மாவுக்கும் சர்க்கரை. மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள், கேட்டால் தலைவலி என்பாள். தலைவலிதானா?

நவ. 14
அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை.

நவ. 16
பூஞ்சைக்கு மாத்திரை, ஃப்ளூகோனசோல் 150. இன்று ஒன்று, 19, 22. அப்புறம் வாரம் ஒன்றாக ஆறு மாதம். சர்க்கரைக்கு மெட்பார்மின் தனி. காலண்டரில் எண்ணினேன்: சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி வந்துவிடும்.

நவ. 19
இரண்டாவது மாத்திரை. அரிப்பு பாதியாகிவிட்டது. வெயில்! எல்லாவற்றையும் வாசல் கொடியில் போட்டேன், அத்தை பார்த்தால் பார்க்கட்டும்.

நவ. 20
நாடா இன்னும் ஈரம்.