சிவப்பு விளக்கு எரியும்போது பேசுவது என்ஜினா, ஒயரா?

லாரியின் மீட்டர் போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்துவிட்டால், பட்டறைக்கு வரும்போதே டிரைவர்கள் "சென்சார் போயிருச்சு" என்ற முடிவோடுதான் வருகிறார்கள். சங்ககிரியில், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறையில் பல ஆண்டுகளாக லாரி ஒயரிங் வேலை பார்த்து வரும் நான், ஒவ்வொரு முறையும் அந்த முடிவை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியில்தான் வேலையைத் தொடங்குகிறேன். அந்த விளக்கை எரிய வைத்தது என்ஜினுக்குள் உண்மையிலேயே குறைந்துபோன அழுத்தமா, அல்லது அழுத்தத்தை அளந்து சொல்ல வேண்டிய மின்சுற்றில் உள்ள கோளாறா? இதற்கு விடை தெரியாமல் மாற்றப்படும் சென்சார் ஓனரின் பணத்தை வீணாக்கும். விடை தெரியாமல் ஓட்டப்படும் வண்டி என்ஜினையே பலி கொடுக்கும்.

பழைய லாரிகளில் ஆயில் பிரஷருக்கு ஒரு சாதாரண சுவிட்சும் ஒற்றை ஒயரும் ஒரு பல்பும் மட்டுமே இருந்தன. பல்பு எரிந்தாலும் வண்டி ஓடும். நிறுத்துவதும் ஓட்டுவதும் டிரைவரின் பொறுப்பு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு வரும் வண்டிகளில், ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், கூலன்ட் அளவு, டர்போ அழுத்தம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஆகிய அனைத்தையும் ஈசியு, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. எல்லை மீறினால் முதலில் மஞ்சள் விளக்கு எரியும். பிறகு டீசலைக் குறைத்து வண்டியின் இழுவையை மட்டுப்படுத்தும். நிலைமை இன்னும் மோசமானால் சிவப்பு விளக்கு எரியும். சில வண்டிகளில் என்ஜினே அணைந்துவிடும். இதைத்தான் என்ஜின் பாதுகாப்பு அமைப்பு என்கிறோம். ஈசியுவுக்குக் கண் கிடையாது என்பதையும், சென்சார் அனுப்பும் வோல்ட்டேஜ் ஒன்றே அதற்குத் தெரிந்த உலகம் என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும், ஈசியு பதிந்து வைத்த கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரிலேயே எழுதியிருக்கும். படிக்கத்தான் பலர் தவறுகிறார்கள். கனரக வண்டிகள் பின்பற்றும் ஜே 1939 முறைப்படி, ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண்ணான எஸ்பிஎன், எந்த அளவீட்டில் பிரச்சினை என்று சொல்கிறது: 100 என்றால் ஆயில் அழுத்தம், 102 என்றால் டர்போ அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 111 என்றால் கூலன்ட் அளவு. இரண்டாவது எண்ணான எஃப்எம்ஐ, அது எந்த விதமான பிரச்சினை என்று சொல்கிறது. எஸ்பிஎன் 100 உடன் எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால், சிக்னல் வோல்ட்டேஜ் இருக்கக்கூடாத அளவுக்கு ஏறிவிட்டது அல்லது இறங்கிவிட்டது என்று பொருள். அது ஒயர், கப்ளர், சென்சார் ஆகியவற்றின் பக்கம். அதே 100 உடன் எஃப்எம்ஐ 1 அல்லது 18 வந்தால், சுற்று ஒழுங்காக வேலை செய்து, ஆயில் அழுத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்கிறது. அப்போது ஒயரைத் தேடாமல் என்ஜினைப் பார்க்க வேண்டும். விளக்கு ஒன்றாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு. முதல் எண்ணை மட்டும் பார்த்து "ஆயில் பிரஷர் சென்சார்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருக்கும்வரை நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு உதாரணமாக, பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சேலத்திலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும்போதெல்லாம், தொப்பூர் மேட்டில் ஏறத் தொடங்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் ஊர்ந்து போகிறது. மேடு முடிந்து ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. வேறொரு பட்டறையில் ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். மூன்றாவது சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டுதான் டிரைவர் என்னிடம் வந்தார்.

ஸ்கேனரில் மூன்று கோளாறுகள் பதிவாகியிருந்தன: ஆயில் அழுத்தத்துக்கு எஃப்எம்ஐ 4, டர்போ அழுத்தத்துக்கு எஃப்எம்ஐ 4, கூடவே எஸ்பிஎன் 3509 க்கும் எஃப்எம்ஐ 4. முதல் இரண்டைப் பார்த்தவர்கள் மூன்றாவதைக் கடந்து போயிருக்கிறார்கள். உண்மையில் அந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டுக்கும் தாய். 3509 என்பது, சென்சார்களுக்கு ஈசியு கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையைக் குறிக்கும் எண். அழுத்தம் அளக்கும் சென்சார்கள் பெரும்பாலும் மூன்று ஒயர் கொண்டவை: ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று ஈசியுவுக்கே திரும்பும் எர்த், மற்றொன்றில் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறக்குறைய அரை வோல்ட் முதல் நாலரை வோல்ட் வரை சிக்னல் போகும். ஒரே 5 வோல்ட் லைனைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், எங்காவது ஓர் இடத்தில் அது வண்டியின் இரும்பு உடம்பில் தட்டினால், அந்த லைனில் உள்ள எல்லா சென்சார்களும் ஒரே நொடியில் பொய் சொல்லத் தொடங்கும். ஃபியூஸும் போகாது, ஈசியு தன்னைத் தானே காத்துக்கொண்டு மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடும். டர்போ அழுத்தத்தை நம்ப முடியாத நிலையில் ஈசியு டீசலைக் குறைத்ததும் சரியான செயல்தான்.

பட்டறையில் நின்ற வண்டியில் 5.01 வோல்ட் இருந்தது. என்ஜினை ஓட்டிப் பார்த்தபோதும் அதே அளவு. விட்டுவிட்டு வரும் கோளாறு பட்டறையில் ஒருபோதும் தானாகக் காட்சி தராது. அதை நாம்தான் வரவழைக்க வேண்டும். ஆயில் பிரஷர் கப்ளரின் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, மல்டிமீட்டரைக் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் நிலையில் போட்டு, ஹார்னஸை, அதாவது டேப் சுற்றிய ஒயர்க் கட்டை, ஈசியுவிலிருந்து தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாகக் கையால் அசைத்துக்கொண்டே வந்தோம். ஏர் கம்ப்ரசருக்குப் பின்னால் கை போன இடத்தில் மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது. ஹார்னஸை அதே நிலையில் பிடித்துக்கொண்டு, அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். எதைக் கழற்றியபோதும் வோல்ட்டேஜ் மேலே ஏறவில்லை. ஏறியிருந்தால் அந்த சென்சாருக்குள் ஷார்ட்; ஏறாததால் கோளாறு ஒயரில்.

டேப்பைப் பிரித்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஹார்னஸைப் பிடித்திருந்த இரும்பு கிளிப்பின் ரப்பர் தேய்ந்து போய், கிளிப்பின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்திருந்தது. நெல்மணி நீளத்துக்குச் செம்பு இழைகள் பளபளத்தன. எதிரே கிளிப்பின் விளிம்பில் அதே நீளத்துக்கு ஒரு தேய்ந்த கோடு. மேட்டில் பாரத்தோடு இழுக்கும்போது என்ஜின் தன் மவுண்டிங்கில் ஒரு பக்கமாகத் திருகி நிற்கும். அந்தச் சில மில்லிமீட்டர் அசைவில்தான் ஒயர் கிளிப்பில் தட்டியிருக்கிறது. தொப்பூரில் மட்டும் வந்து, சமதளத்தில் மறைந்துபோன மர்மத்துக்கு அதுவே விளக்கம்.

சேதமான பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள ஒயரை கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி இணைத்து), உட்புறம் பசை உள்ள சுருங்கும் சிலீவ் போட்டு, புதிய ரப்பர் கிளிப்பில் கட்டினோம். அதிர்வு உள்ள இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் தவிர்க்கிறேன். ஈயம் ஊறிய இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அந்த விளிம்பிலேயே மறுபடியும் ஒடியும். டிரைவர் கொண்டுவந்திருந்த மூன்றாவது சென்சாரை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நடையில் பாரத்தோடு தொப்பூர் ஏறிய பிறகு அவரிடமிருந்து ஃபோன் வரும்வரை அந்த வேலையை முடிந்ததாகக் கணக்கில் எழுதவில்லை.

வெப்ப சென்சார்களைச் சோதிப்பது இதைவிட எளிது. அவற்றில் இரண்டே ஒயர்கள். சூடு ஏற ஏற உள்ளிருக்கும் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். நான் அதிகம் பார்க்கும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேலும் இருக்கும். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டினால், நம் ஊரில் அது எங்கோ ஒயர் விட்டுப்போனதன் அடையாளம். சென்சார் கப்ளரைக் கழற்றினால் மைனஸ் 40 க்குப் போக வேண்டும். கப்ளரின் இரு பின்களையும் சிறு ஒயரால் இணைத்தால் உச்ச அளவுக்குத் தாவ வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் ஈசியுவும் ஒயரும் நலம். அதன் பிறகு சென்சாரை மாற்றலாம். இதைவிடவும் நான் விரும்புவது காலைச் சோதனை. இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால், கூலன்ட், காற்று, டீசல் ஆகிய மூன்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். கூட்டத்தில் எது தனித்து நிற்கிறதோ, அதுவே பொய் சொல்கிறது. ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் கிடைக்கும் தகவல் இது.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாடி கட்டி பெயின்ட் அடித்து வரும் வண்டிகளில், எர்த் ஒயரின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே பெயின்ட் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இதை ஓம் மீட்டரால் கண்டுபிடிக்க முயல்வது வீண். பத்து இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்தையே காட்டும். சுற்றில் மின்சாரம் ஓடும்போது, பேட்டரி மைனஸுக்கும் ஈசியுவின் எர்த் பின்னுக்கும் இடையே வோல்ட்டேஜ் அளக்க வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் நான் அந்த இணைப்பைக் கழற்றிச் சுரண்டாமல் விடுவதில்லை. ஈசியு சப்ளை ஒயரைச் சந்தேகித்தால், ஈசியு கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரில் 24 வோல்ட் 21 வாட் பல்பைப் போட்டுப் பார்க்கிறேன். மங்கலாக எரிந்தால் ஒயர் உள்ளே அரித்திருக்கிறது. ஆனால் இந்தப் பல்பையோ டெஸ்ட் லேம்பையோ 5 வோல்ட் லைனில் ஒருபோதும் வைக்கக்கூடாது. அதேபோல் ஒயரின் மேலுறையைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். குத்திய துளை வழியாகத் தண்ணீர் புகுந்து, சில மாதங்களில் செம்பு பச்சையாகிப் பொடியாக உதிர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சேஸிஸில் வெல்டிங் செய்வதற்கு முன் இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் ஈசியு கப்ளரையும் கழற்றிவிடுங்கள் என்று பாடி பட்டறைக்காரர்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது ஒயர் பேசிய கதை. என்ஜின் பேசிய கதை ஒன்றும் உண்டு.

ஒரு மாலை, சிவப்பு விளக்கோடு ஒரு லாரி வந்து நின்றது. "ஆயில் ஃபுல்லா இருக்குதுங்கண்ணா, இப்பத்தான் பார்த்தேன். சென்சாரை மட்டும் மாத்தி உடுங்க, ராத்திரிக்குள்ள லோடு எறக்கோணும்" என்றார் டிரைவர். ஸ்கேனரில் எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1. மின்சுற்றில் குறையே இல்லை. சென்சாரைக் கழற்றி, அதே துளையில் ஊசி முள் கேஜைப் பொருத்தி, சூடான என்ஜினை ஸ்லோவில் ஓட்டியபோது, முள் அரை பார் அழுத்தத்தைக்கூட எட்டவில்லை. உடனே அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. விரலில் தொட்டால் வழவழப்பின்றித் தண்ணீராக ஓடியது, முகர்ந்தால் டீசல். எங்கிருந்தோ டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கிறது. ஆயில் கூடியிருந்ததையே டிரைவர் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பல்பு எரியக்கூடாது என்பதற்காக சென்சார் ஒயரில் ரெசிஸ்டரைச் சேர்த்துவிடுவதும், கூலன்ட் அளவு சென்சாரின் இரண்டு ஒயர்களை முறுக்கி விடுவதும் சாலையோரத்தில் நடக்கின்றன. அவசரத்தில் தவிக்கும் டிரைவர் கேட்கும்போது மறுப்பது எளிதல்ல என்பதை நான் அறிவேன். அன்றும் அவர் அதைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்டார். நான் கேஜைக் கழற்றவில்லை. ஓனருக்கு ஃபோன் போட்டு, முள் நிற்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். லோடை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். மறுநாள் என்ஜின் மெக்கானிக் என்ஜினின் அடியில் உள்ள ஆயில் சம்பைக் கழற்றி பேரிங்கை எடுத்துப் பார்த்தபோது, மேற்பூச்சு ஆங்காங்கே தேய்ந்து உள்ளிருக்கும் செம்பு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. கிராங்க் ஷாஃப்ட்டில் நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டவில்லை; அது கீறல் இல்லாமல் தப்பியிருந்தது. பேரிங் செட்டும் டீசல் கசிவைச் சரிசெய்ததும் புது ஆயிலுமாக வேலை முடிந்தது. பழைய சென்சாரையே கழுவித் துடைத்து மீண்டும் பொருத்தினேன்.