கண் திறக்காத குதிரை

"நீங்களே வரைந்துவிடுங்கள் தம்பி. உங்களுக்குத்தான் படம் போட வருமே" என்றார் கோயிலுக்கு மண் குதிரை செய்யும் குயவரான வேளார். குதிரைக்குக் கண் வரைய நான் மாட்டேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை. நினைக்கும்போதெல்லாம் ஒரு நாள் நான் செய்தது சரி என்று படுகிறது, மறுநாள் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

மண்ணை வைத்து வேலை செய்கிறவர்களின் கண்காட்சி அது. நான் ஒருங்கிணைப்பாளன். பெரும்பாலானவர்கள் புதுச்சேரி வழியில் வந்த ஸ்டோன்வேர் கலைஞர்கள், அதாவது மண்ணை மிகுந்த சூட்டில் கல்போல் இறுகச் சுடுகிறவர்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, இந்தியாவில் ஸ்டுடியோ மட்பாண்டக் கலை என்று நாம் இன்று சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பட்டறையைத் தொட்டுத்தான் வளர்ந்தது. அவர்களுக்கு நடுவே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேளார் செய்த ஐயனார் கோயில் குதிரையும் இருக்க வேண்டும் என்று வாதாடி இடம் வாங்கியவன் நான். அதனால் அந்தக் குதிரைக்கு நான்தான் பொறுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

குதிரை வந்து இறங்கியது. கழுத்து மணி, நெற்றிப் பட்டம், சேணம், விரிந்த மூக்குத் துளை, கடிவாளத்தை இழுத்துக்கொண்டு தெரியும் பல் வரிசை, எல்லாம் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வழவழப்பான மேடு மட்டும். கண்காட்சியின் பொறுப்பாளர் அம்மையார் அதைச் சுற்றி வந்து, "வேலை முடியவில்லையா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

கோயில் குதிரைக்குக் கண் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும். ஊர் கூடி, கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் வேலையே தொடங்கும். அதற்குப் பிடிமண் என்று பெயர். குதிரைகளை ஊரார் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு நாளில் கண் திறப்பார்கள். அதுவரை அது மண். திறந்த பிறகு ஐயனாரின் வாகனம். பல ஊர்களில் குதிரை செய்கிற வேளாரே அந்தக் கோயிலின் பூசாரியும்கூட. எங்களிடம் வந்தவரும் அப்படித்தான். பிடிமண் கொடுக்க ஊர் இல்லாத குதிரைக்கு அவர் கண் வைக்கவில்லை. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் ஒரு வாடிக்கையாளரால் வந்தது. கட்டடத் தொழில் செய்கிறவர், குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை: கண் வேண்டும். கண் இல்லாத உருவத்தை வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது என்று அவருடைய தாயார் சொல்லியிருந்தாராம். அதையும் நான் குறைவாக எண்ணவில்லை; அதுவும் ஒரு நம்பிக்கைதான். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் வேளாரிடம் போனேன்.

"நான் வைக்கக் கூடாது தம்பி. இது கோயிலுக்கு வைக்கிற கை" என்றார். கொஞ்ச நேரம் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "நீங்களே வரைந்துவிடுங்கள்" என்று சொன்னார்.

"வேண்டாம் ஐயா. காசுக்காக உங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டாம். இப்படி இருப்பதுதான் அழகு" என்றேன்.

"சரி தம்பி" என்றார்.

அந்த 'சரி'யில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. நிம்மதி இருந்திருக்கலாம். நகரத்துப் பையனிடம் வாதாட வேண்டாம் என்கிற பொறுமையாகவும் இருந்திருக்கலாம். வாடிக்கையாளர் வேறொரு கலைஞரின் பெரிய ஜாடியை வாங்கிக்கொண்டு போனார். குதிரை விற்கவில்லை. செய்கூலி பேசியபடி வேளாருக்குப் போய்ச் சேர்ந்தது; விற்றிருந்தால் அதன் மேல் வந்திருக்க வேண்டிய பங்கு போகவில்லை. அது அவருக்குச் சிறிய தொகை அல்ல.

என் பக்கத்தில் இருந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்திலேயே, குதிரைக்கு எதிரில், ஒரு கலைஞர் சுடாத களிமண் கிண்ணங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார். சுடாத மண் தண்ணீரில் கரையும். கண்காட்சி நடக்க நடக்க அவை சரிந்து, விளிம்பு உடைந்து, கடைசியில் அடியில் வண்டலாகப் படிந்தன. நல்ல வேலை, இப்போதும் என் மனதில் நிற்கிறது. சூளையில் வைக்காமல் விட்டதுதான் அந்தப் படைப்பின் கருத்து என்று எல்லோருக்கும் புரிந்தது. சுட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு செயலை வேண்டுமென்றே செய்யாமல் நிறுத்துவது கலைக் கல்லூரியில் படித்தவருக்குக் கருத்து. பரம்பரையாகச் செய்கிறவருக்கு மட்டும் அது சடங்கு அல்லது குறை. இந்தப் பாகுபாடு எனக்குப் பொறுக்கவில்லை. கண் வரைய மறுத்தபோது இதை மனதில் வைத்துத்தான் மறுத்தேன். அந்தக் கோபம் இன்றும் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

குதிரையை வெறும் நம்பிக்கைப் பொருளாகப் பார்க்கிறவர்கள் அதன் மண்ணைக் கவனிப்பதில்லை. கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதிக்கிறார்கள். சூளையில் உமி எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். அந்தத் துளைகள் இருப்பதால்தான் அவ்வளவு கனமான உடம்பு, திறந்த சூளையின் ஏற்ற இறக்கமான சூட்டில் வெடிக்காமல் தப்புகிறது. ஈரம் ஆவியாக வெளியேற உடம்பில் ஓட்டை விடுகிறார்கள். கால் நான்கும் உள்ளே கூடான குழாய்கள். கீழ்ப்பகுதி இறுகி மேலே வரப்போகும் பாரத்தைத் தாங்கும் பக்குவம் வந்த பிறகே உடம்பு ஏறும். அவசரப்பட்டால் முட்டி மடங்கிவிடும். சுற்றிலும் விறகு, வறட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே சேறு பூசி மூடி எரிக்கிறார்கள். ஸ்டோன்வேர் ஏறக்குறைய 1,200 பாகை செல்சியசுக்கு மேல் போய், மண் கண்ணாடிபோல் இறுகி நீர் புகாததாக ஆகிறது. இந்தச் சூளை அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது. அதனால் குதிரை நீரைக் குடிக்கும், பாசி பிடிக்கும், வெடிப்பில் செடி முளைக்கும். அடுத்த எடுப்புக்குப் புதிய குதிரை வரும். பழையதை யாரும் செப்பனிடுவதில்லை, அகற்றுவதும் இல்லை.

எங்கள் கண்காட்சிக் கையேட்டில் 'மண்ணிலிருந்து வந்து மண்ணாகவே மாறும் குதிரை' என்று ஒரு வரி இருந்தது. அது தவறு. ஒரு தடவை சுட்ட களிமண் திரும்பக் களிமண் ஆவதில்லை, ஓடாகத்தான் உடையும். கோயில் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் பழைய குதிரைகளின் காலும் வாயும் குவியலாகக் கிடக்கும். வேளாரிடம் இதைச் சொன்னபோது, "ஓடு எங்கே கரையும்?" என்றார். அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டேன், அச்சாகிவிட்டது என்றார்கள்.

இவ்வளவு அறிந்தவர் ஒரு யோசனை சொன்னபோது நான் அதை ஏன் யோசனையாக எடுத்துக்கொள்ளவில்லை? என் பக்கத்து நியாயம் ஆட்டம் காண்பது இங்கேதான்.

பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் 'ஃபீல்ட்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கையளவு மண் பொம்மைகள், தரையை அடைத்துக்கொண்டு, பார்க்கிறவரையே பார்த்தபடி நிற்கும். பிரிட்டனுக்காகச் செய்ததில் ஏறக்குறைய 40,000 உருவங்கள். வாய் இல்லை, மூக்கு இல்லை. குத்தி எடுத்த இரண்டு கண்கள் மட்டும். அவற்றைச் செய்தவர் கோர்ம்லி அல்ல, இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரைச் சேர்ந்த பல குடும்பத்தார். அவர் சொன்னவை சில எளிய விதிகள்: கையில் அடங்க வேண்டும், நிற்க வேண்டும், கண் இருக்க வேண்டும். கண்ணை வைத்தது வேறு கை என்பதால் அந்தப் படைப்பு அவருடையது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1994இல், அவருக்குப் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது.

வேளார் என்னிடம் சொன்னதும் அப்படிப்பட்ட ஒரு விதிதானே? என் கை வைத்தால் அது கண் திறப்பு; உன் கை வைத்தால் அது வெறும் மை. கோயிலுக்கும் கடைக்கும் நடுவே அவர் அந்தக் கொஞ்ச நேரத்தில் யோசித்து ஒரு கோடு கிழித்தார். நான் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. அவருடைய வழக்கத்தை அவரைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக் கலைஞர் தன் வேலையைப் பாதியில் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேனா? உங்கள் விருப்பம் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் இப்படி எழுதும்போதே மறுபக்கமும் எழுந்து வருகிறது. அவர் அதைத் தானாகச் சொன்னாரா, நான் கேட்டு நின்றதால் சொன்னாரா? வாடிக்கையாளர் காத்திருக்கிறார், பொறுப்பாளர் காத்திருக்கிறார், நான் முன்னால் நிற்கிறேன். அந்த நிலையில் ஒரு பெரியவர் சொல்வது முழு விருப்பம் ஆகுமா? விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைக்கிற ஊர்க்காரர் அவர். நான் மறுத்ததால்தான் அவர் அந்த இக்கட்டிலிருந்து வெளியே வந்தார் என்றும் சொல்லலாம். என்னோடு வேலை பார்த்த தோழி இப்படித்தான் சொல்கிறாள். அவள் சொல்லும்போது ஆறுதலாக இருக்கிறது. எனக்கு வசதியான விளக்கமாகவும் இருப்பதால் அதை முழுதாக நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நான் ஓவியம் படித்தவன். அந்த மேட்டில் தூரிகை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. இருந்தும் பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு அவருடைய வழக்கத்தைக் காப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்டேனோ என்னவோ. இதற்கு மேல் அதைத் தோண்ட எனக்குத் தெரியவில்லை.

2018இல் ஜெய்ப்பூரில் நடந்த முதல் இந்தியச் செராமிக்ஸ் டிரியன்னாலே என்ற மட்பாண்டக் கலைக் கண்காட்சிக்குப் பிறகு மண் வேலைக்குக் கலைக்கூடங்களில் மதிப்புக் கூடியிருக்கிறது. நல்லது. அந்த மதிப்பில் வேளார்களுக்கு எந்த இடம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறேன். மனதாரத்தான் பேசுகிறேன். பேசி முடித்து உட்காரும்போது, அவர் சொன்னபோது நீ கேட்டாயா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி வரும்.

அண்மையில் ஒரு விடுதிக்காரர், வரவேற்பறைக்கு இரண்டு குதிரைகள் வேண்டும், கண்ணோடு வேண்டும் என்று என்னைத் தொடர்பு கொண்டார். இந்த முறை நான் எந்தக் கருத்தும் சேர்க்காமல் வேளாரைத் தொலைபேசியில் அழைத்து உயரம், தேதி, கண் மூன்றையும் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். கண்ணை யார் வைப்பது என்று கேட்டேன். "சின்னவன் வைப்பான். அவன் கோயில் வேலை பார்க்கிறதில்லை" என்றார். கண்காட்சிக்குக் குதிரை வந்து இறங்கியபோது லாரியில் அவருடன் வந்து, வைக்கோல் பிரித்து, காலைச் சரியாக நிறுத்திக் கொடுத்தவன் அந்தச் சின்னவன்தான். நான் வேளாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே இருந்தான். அன்றைக்கு அவன் பெயரை அவர் எடுக்கவில்லை, என்னைத்தான் கேட்டார். ஏன் என்று தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். முன்பணம் எவ்வளவு என்று பேச்சு போய்விட்டது.