அக்னி நட்சத்திரமும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

மே 7, 2024, செவ்வாய்

வீடியோ எடிட்டிங்குக்குப் புது கம்ப்யூட்டர் சேர்க்கிறேன். பிராசசர் முடிவு: இன்டெல் ஐ5-13500. எஃப் என்று முடிகிற எதுவும் வேண்டாம். 13400எஃப் எடுத்தால் காசு மிச்சம் என்று மச்சான் காலையிலிருந்து போனில் நச்சரிக்கிறான். மிச்சம்தான். ஆனால் ஸ்டுடியோவிலிருந்து வருகிற கல்யாண ஃபுட்டேஜ் எல்லாம் 10 பிட், 4:2:2, எச்.இ.வி.சி. என்கிற வீடியோ வகை. என்விடியாவின் 30, 40 வரிசைக் கிராபிக்ஸ் கார்டுகள் 4:2:2-வை டீகோட் செய்யாது, அதாவது பிரித்து ஓட்டாது. இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் செய்யும். எஃப் மாடலில் அதைத்தான் முடக்கி விற்கிறார்கள். தாலி கட்டுகிற இடத்தில் டைம்லைன் திக்கி நின்றால் மச்சானா வந்து தள்ளிவிடுவான்?

பழைய 32 ஜிபி டிடிஆர்4 ரேம் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் பி760 சிப்செட்டில் டிடிஆர்4 ஏற்கிற மதர்போர்டாகப் பார்க்கணும். டிடிஆர்5 போர்டில் இது உட்காரவே உட்காராது, வெட்டு வேறு இடத்தில். கிராபிக்ஸ் கார்டு என்விடியா 3060, 12 ஜிபி. எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்., அது மட்டும் பாக்கி.

அப்பாவின் இடது கை, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த இடம். ரத்தம் ஓடுகிறதா என்று தினம் விரலை வைத்துப் பார்க்கணும். கை: கிர்ர் இருக்கிறது.

மே 8, புதன்

ராத்திரி முழுக்கக் கரண்ட் விட்டு விட்டுப் போனது. மாநிலத்தின் மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டதாம். ஏதோ பரிசு வாங்கிய செய்தி போலப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள்.

மே 9, வியாழன்

அப்பாவுக்கு டயாலிசிஸ். வெளியே எனக்கு நாலு மணி நேரம் அந்த பிளாஸ்டிக் நாற்காலி. சத்தமில்லாத டிவி. அப்பாவின் ரிப்போர்ட் கவருக்குப் பின்னால் கணக்குப் போட்டேன்.

13500-ன் பெட்டியில் 65 வாட்ஸ் என்று இருக்கும். அது அடக்கமாக இருக்கும்போது. முழு மூச்சில் 154 வரை போகும். கார்டு 170. இரண்டும் சேர்ந்து 324. இரண்டுமே 12 வோல்ட் லைனில்தான் இழுக்கும், அதாவது 27 ஆம்பியர். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 சேர்த்தாலும் 385-க்குள் நிற்கிறது. 550 போதும். கார்டுக்கு என்விடியாவும் 550 என்றுதான் சொல்கிறது.

கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளை கடைக்காரர் போட்டோ எடுத்து அனுப்பினார். 450 என்று கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து. கீழே பொடி எழுத்தில் +12 வோல்ட், 16 ஆம்பியர். பதினாறு பன்னிரண்டு 192. மீதியெல்லாம் 3.3-லும் 5-லும் காட்டியிருக்கிறார்கள், இன்றைக்கு அவ்வளவு இழுக்கிற சாமானே கிடையாது. கார்டுக்கு மட்டும் 170 போனால் பிராசசர் மீதி 22-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

மூன்றே காலுக்குக் கரண்ட் போனது. ஹாலில் விளக்கு அணைந்தது, உள்ளே எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்தின. ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பம்ப் உருளை சுற்றிக்கொண்டேதான் இருந்தது. “பேட்டரி இருக்குண்ணா, உட்காருங்க” என்றார் டெக்னீஷியன். எத்தனை நிமிஷத்துக்கு வரும் என்று கேட்டேன். அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிட்டது, அவர் பதில் சொல்லவில்லை.

மே 10, வெள்ளி

அட்சய திருதியை. “இன்னைக்கு வாங்குனா பெருகுமாம்டா. நீ வாங்குறதுல கரண்ட் பில்லுதான் பெருகும்” என்கிறார் அப்பா. நல்ல மூடில் இருக்கிறார்.

வேளச்சேரியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயில், அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு நடை. அனல். முதல் கடையில் அந்தப் பையன் கார்டு பெயரைக் கேட்டதுமே, “850 போட்டுடுங்க ப்ரோ, ஃபியூச்சருக்கு ஆகும்” என்றான். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்றேன். பெட்டியை நாலு பக்கமும் திருப்பினான். அப்புறம், பில் இல்லாமல் என்றால் 18 சதவீதம் குறையும் என்றான். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது?

நரசிங்கபுரம் தெரு பக்கம் இன்னொரு கடை. வயதானவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “வாட்ஸ விடு தம்பி. வீட்ல எர்த் இருக்கா?”

தெரியாது. வாடகை வீடு. அவரிடம் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன், அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மே 11, சனி

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்த்தார்கள், அப்பாவுக்கு உடம்பில் நீர் 2.8 கிலோ ஏறியிருந்தது. இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்றால் மனுஷன் என்ன செய்வார். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் இருக்கிறார். கிர்ர் இருக்கிறது.

மே 13, திங்கள்

எஸ்.எம்.பி.எஸ். முத்திரை பிரான்ஸா (வெண்கலம்) கோல்டா? சுவரிலிருந்து இழுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகும் என்பதற்கான முத்திரை. பாதி லோடில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90. மச்சானுக்குக் கோல்டு. எல்லாவற்றிலும் அவனுக்குக் கோல்டுதான்.

அப்பாவே கணக்குப் போட்டார். உள்ளே 250 வாட்ஸ் தேவைப்பட்டால் பிரான்ஸ் சுவரிலிருந்து 294 இழுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட்ஸ். தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாச பில்லுக்கு எட்டு யூனிட் கூட வராது. யூனிட் ஆறு ரூபாய் சொச்சம் என்றால் ஐம்பது ரூபாய்க்குள். கோல்டுக்குக் கூடுதலாகக் கேட்பது மூவாயிரம். “பத்து வருஷம் ஆகும்டா அதை எடுக்க” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “நீ ஓட்டுவ” என்றார்.

நான் பேச்சை மாற்றி 500 யூனிட்டைப் பற்றிக் கேட்டேன். அதுதான் அவருடைய எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கீழ் யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு மாசத்துக்கு 140 யூனிட் தின்னும். ஏ.சி.யை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பத்து மணி வரை பேசினோம்.

மே 14, செவ்வாய்

கிர்ர் இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 16, வியாழன்

கரண்ட் போனதும் ஹால் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. அப்படியென்றால் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், கரண்ட் வளைவாக வராமல் கட்டம் கட்டமாக வரும். பிரான்ஸ், கோல்டு என்று முத்திரை வாங்குகிற எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றிலும் இப்போது ஆக்டிவ் பி.எஃப்.சி.தான், கரண்டைச் சீராக இழுக்க வைக்கிற சர்க்யூட். சில மாடல்களுக்கு ஸ்கொயர் வேவ் ஒத்துக்கொள்ளாது, பட்டென்று அணைந்துவிடும். ஆக, இன்வெர்ட்டரை நம்பக் கூடாது.

யூ.பி.எஸ். வாங்கணும். கடைகளில் எங்கும் அடுக்கியிருப்பது 600 வி.ஏ., அது தாங்குவது 360 வாட்ஸ்தான். ரெண்டர் போகும்போது சுவரிலிருந்து நானூறுக்கு மேல் கேட்கும், இது கீச்சென்று கத்திவிட்டு விழும். 1 கே.வி.ஏ., 600 வாட்ஸ் தேவை. கரண்ட் போனால் அது பேட்டரிக்கு மாறிக்கொள்ள 10 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். அதுவரை எஸ்.எம்.பி.எஸ். தன் கெபாசிட்டரில் இருப்பதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொள்ளணும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கான ஏ.டி.எக்ஸ். விதியில் 16 மில்லிசெகண்ட் பிடிக்கணும் என்று இருக்கிறது. மலிவு சரக்கில் கையை வைப்பதே அந்தப் பெரிய கெபாசிட்டரில்தான். 850 என்று பெட்டியில் போட்டுவிட்டு பத்து மில்லிசெகண்ட் தாங்காத சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இதை மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

டயாலிசிஸ் மெஷின் பேட்டரி எத்தனை நிமிஷம் வரும் என்று இன்று நர்ஸிடமும் கேட்டேன். ரத்தத்தைத் திருப்பி உள்ளே ஏற்றுகிற அளவுக்கு வரும் என்றார்.

மே 18, சனி

வாங்கியாச்சு. 550, பிரான்ஸ், ஐந்து வருஷ வாரண்டி, பில்லோடு. 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540. நிறைவாக இருக்கிறது. எர்த் கேட்டவர் கடையில்தான். “பார்த்தியா?” என்றார். இன்னும் இல்லை என்றேன்.

கூட வந்த பவர் கேபிளின் பிளக் 16 ஆம்பியர், குண்டு. மேசை பக்கத்தில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். சின்ன பிளக் வைத்த கேபிள் தனியாக வாங்கினேன்.

மே 19, ஞாயிறு

மாட்டியாச்சு. பிராசசருக்குப் போகிற 4+4 பின் கேபிளைப் போர்டுக்குப் பின்னால் விட்டு மேல் மூலையில் எடுக்கணும், ஹீட்சிங்க் போட்ட பிறகு விரல் நுழையாது. அப்பா டார்ச் பிடித்தார், இடது கையைத் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். கார்டுக்கு ஒரே 8 பின். ஆன் செய்ததும் பயாஸ், அதாவது போர்டின் செட்டிங்ஸ் திரை, வந்தது. 12 வோல்ட் 12.1 காட்டுகிறது.

கேபினெட் ஸ்க்ரூவில் புறங்கை பட்டது. சுருக்கென்றது. டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். வாசலிலேயே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஆளுக்கொரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் 115 வோல்ட் சுமாராக உடம்பில் வந்து நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். நல்லதுதான். சாக்கெட்டைக் கழற்றினேன்: மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

அப்பாவைக் கிட்டே வராதே என்று கத்திவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மே 20, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மீட்டர் போர்டு வரை எர்த் இருக்கிறதாம், அங்கிருந்து இந்த அறைக்கு ஒயர் இழுக்கணும். வீட்டுக்காரர், “இத்தனை வருஷம் இல்லாமலா இருந்தாங்க?” என்கிறார். என் செலவில் என்றதும் சம்மதம். வெள்ளிக்கிழமை காலை வருகிறார். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

கை: லேசாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அவரும் வைத்துப் பார்த்தார். இருக்குடா என்கிறார்.

மே 23, வியாழன்

மெஷினில் ரத்த ஓட்டம் சரியாக வரவில்லை, நேரத்தை நீட்டி ஓட்டினார்கள். கையில் ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நாளை காலை ஏழரைக்கு. எலக்ட்ரீஷியனைச் சாயந்திரம் வரச் சொல்லணும்.