கர்ட்டனுக்கு முன்னாடி மிஞ்சுற துண்டு இடம்

நாடக மேடையில மெயின் கர்ட்டன் விழுந்த அப்புறமும் ஆடியன்ஸ் பக்கமா கொஞ்சம் பலகை மிஞ்சும் பாருங்க, ஏப்ரன்னு சொல்லுவாங்க, மொத்த மேடையிலயும் எனக்கு அதுதான் உசிரு.

லண்டன்ல 1674ல திறந்த ட்ரூரி லேன் தியேட்டர்ல நடிப்பு பெரும்பாலும் அந்த முன்பக்கத்துலதான் நடக்கும், வரைஞ்ச சீனெல்லாம் பின்னாடி படமா நிக்கும் அவ்ளோதான். நடிகர்கள் வந்து போக ஏப்ரனோட ரெண்டு பக்கமும் நெஜக் கதவே வச்சிருந்தாங்க. எல்லாம் மெழுகுவத்தி வெளிச்சம், ஆடியன்ஸ் பக்கமும் அணைக்க மாட்டாங்க, முன்னாடி வந்து நின்னாதான் புருவம் தூக்குறதே எடுபடும், பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காத மாதிரி பாவ்லா பண்ணிட்டு ஜனங்ககிட்ட ஒரு நக்கல் அடிச்சுட்டுத் திரும்பிக்கலாம்.

மேனேஜர் கிறிஸ்டோபர் ரிச்சுக்கு அது வேஸ்ட் இடமா பட்டுச்சு போல. 1690கள்ல மேடையோட முன்பக்கத்தை வெட்டி சீட் போட்டுட்டார். கிட்டத்தட்ட நாலடி போச்சுன்னு நடிகர் கோலி சிப்பர் 1740ல எழுதுறார், முன்னல்லாம் எவ்ளோ மெல்லிசா பேசினாலும் கடைசி ஆளுக்குக் கேக்கும்னு ஒரே பொலம்பல். (கலெக்‌ஷன் முக்கியம்ல, என்ன பண்றது!) 1880ல லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டர்ல அதோட நடிகர்-மேனேஜர் பான்கிராஃப்ட் இன்னும் ஒரு படி மேல போய், மேடைக்கு கீழ்ப்பக்கமும் சேர்த்து நாலு பக்கமும் தங்கக்கலர் ஃபிரேம் அடிச்சுட்டார், அதோட நடிகன் போட்டோக்குள்ள போயிட்டான்.

நம்ம கம்பெனி நாடகக்காரங்க அந்த முன்பக்கத்தை உபயோகிக்கிறதுல கெட்டி. தர்பார் செட் மாத்தணுமா, ஒரு தெருப் படுதாவை முன்னாடி இறக்கி பபூனை விட்டுருவாங்க, உள்ள ஆணி அடிக்கிறது இழுக்கிறது எதுவும் வெளிய தெரியாது, சில நாள் அந்த காமெடிக்குத்தான் கைதட்டலே அதிகமா இருக்கும்னு நெனைக்கிறேன்.

சபா நாடகத்துல அந்த முன்பக்க விளிம்புக்கு மேல மைக் தொங்கும், முக்கியமான வசனம்னா எல்லாரும் குரூப் போட்டோ மாதிரி அதுக்கு அடியில வந்து நின்னுருவாங்க, அப்பா சாகுற சீன்லகூட கட்டில் அங்கதான் வரும். அதையாவது விட்டுவைக்கலாம்ல? ஒரு ஹால்ல நாங்க நாடகம் போட்டப்ப அந்த விளிம்பு பூரா குரோட்டன்ஸ் தொட்டி, குத்துவிளக்கு, ஸ்பான்சர் பேனர். ஹீரோயின் பாதி வசனத்தை செடிக்குப் பின்னாடி நின்னு பேசுனா, முன் வரிசையில இருந்த மாமா எந்திரிச்சு வந்து தொட்டியை அவரே நகத்தி வச்சுட்டுப் போனார்.