காரோ-கானில் 3...சி5 ஆடிப் பார்த்தேன்

செஸ்ஸில் வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி6 என்று பதில் சொல்லும் ஓப்பனிங்தான் காரோ-கான். அதை ஆடுகிறவர்களுக்கு, வெள்ளை சிப்பாயை இ5-க்குத் தள்ளும் அட்வான்ஸ் வேரியேஷன்தான் தலைவலி. 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 வந்ததும் பெரும்பாலோர் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவருவார்கள், எதிராளியும் அதற்குத்தான் படித்துவிட்டு வந்திருப்பார். அதனால் இந்த டோர்னமென்ட்டில் கறுப்பாக ஆடிய நான் மூன்றாவது நகர்த்தலில் சிப்பாயை மறுபடி தள்ளினேன்: 3...சி5 (மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்த்தல்). ஒரே சிப்பாய்க்கு ரெண்டு நகர்த்தல் செலவாகிறது, உண்மைதான். ஆனால் 1961-இல் அப்போதைய உலகச் சாம்பியன் டாலோடு பட்டத்துக்கு மோதியபோது, முன்னாள் சாம்பியன் போட்வின்னிக்கே இதை ஆடியிருக்கிறார். மேட்சையும் 13-8 என்று ஜெயித்தார் (இந்த ஓப்பனிங்கால்தான் என்று சொல்ல வரவில்லை, இதை ஆடிய 8-ஆவது ஆட்டத்தில் டால் அவரை அடித்துவிட்டார்).

எதிராளி கொஞ்சம் யோசித்துவிட்டு சி5-ஐ வெட்டினார். 4...இ6, அவர் பிஷப்பை இ3-இல் வைத்துக் காத்தார், நான் குதிரையை டி7-க்குக் கொண்டுவந்தேன். பிஷப் பி5, ராணி சி7, குதிரை எஃப்3. அப்புறம் சி5-இல் பிஷப்புகள் மாறின, ராணியால் திருப்பி வெட்டியதில் சிப்பாய் கணக்கு சரியானதோடு பி5 பிஷப் மேலும் தாக்கு விழுந்தது. அவர் அதை டி7 குதிரைக்கே கொடுத்துவிட்டார். இ6 ஆடியதால் உள்ளே அடைபட்டிருந்த என் வெள்ளைக்கட்டப் பிஷப் இதனால் உயிர் பெற்றது.

10.சி3-க்கு பிஷப் பி5. எஃப்1 கட்டம் என் பார்வையில், அவர் ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) பண்ண வழியில்லை. பிஷப்பை விரட்ட ஏ4 தள்ளினார், நான் அதே மூலைவிட்டத்தில் ஏ6-க்குப் பின்வாங்கினேன். குதிரையை பி3-க்குக் கொண்டுவந்து ராணியை மிரட்டினார், சி4-க்குப் போனேன். டி2-க்குத் திரும்பி மறுபடி மிரட்டினார், டி3-இல் போய் உட்கார்ந்தேன். அவருடைய ராணி இனி டி1-ஐ விட்டு நகர்ந்தால் என் ராணி இ2, மேட். அதைத் தடுக்க எஃப்3 குதிரையை டி4-க்கு இழுத்தார், இ5 காவல் இல்லாமல் போனது. 15...குதிரை ஜி6, 16.டி2 குதிரை எஃப்3, 16...இ5-ஐ வெட்டினேன். அவர் குதிரையால் வெட்டினால் என் ராணி இ4-இல் செக், இ5 குதிரை திரும்பக் கைக்கு வரும். ராணிகள் மாறின. ஒரு சிப்பாய் லாபத்தோடு எண்ட்கேம், இழுத்தடித்து ஜெயித்தேன்.

அடுத்து, வெள்ளை பிஷப் இ3-க்குப் பதில் 5.ராணி ஜி4 ஆடினால் என்ன என்று பார்க்க வேண்டும். ஜி7 அடிபடும் என்பதால் எஃப்8 பிஷப் யோசிக்காமல் சி5-க்குப் பாய முடியாது, அங்கே இந்த ஆட்டம் மாதிரி சுலபமாக இருக்காது.