தொங்கும் வால்

பசை காயும் வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன். எஃப்-4 ஃபான்டம் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் மாடல். வால் இறக்கை கீழே தொங்குகிறது.

தப்பாக ஒட்டிவிட்டேனோ?

பெட்டிப் படத்தைப் பார்த்தேன். நிஜ விமானமே அப்படித்தான். வால் 23 டிகிரி கீழே, இறக்கை நுனி 12 டிகிரி மேலே.

அழகுக்காக மடக்கியதில்லை. காற்றுச் சுரங்கத்தில் மாதிரியின் மீது காற்றைச் செலுத்திச் சோதித்தபோது நிலைத்தன்மை போதவில்லை. இறக்கையின் நடுப்பகுதியை மாற்றுவது பெரிய வேலை. நுனியை மட்டும் தூக்கிவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சரி, அழகுதான். எனக்கென்னவோ 1958இல் முதலில் பறந்த இந்த ஒட்டுப்போட்ட உடம்பைப் பார்த்தால்தான் கண் நகர மாட்டேன் என்கிறது.

இடது பக்கம் இன்னும் ஈரம். ஒற்றை விரலால்தான் தட்டச்சுகிறேன்.