சனிக்கிழமை சம்பளமும் ஒரு சர்வரும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்களுக்கு வாரக் கணக்கு முடித்து சாயங்காலம் ஆறு மணிக்குள் கையில் பணம் கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை காலை 11.30 மணிக்கு எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸ் சர்வர் படுத்துவிட்டது. எல்லா சிஸ்டமும் பொதுவாக டேட்டா எடுக்கிற மெஷின் அது.

சர்வர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, மூலையில் மேஜைக்கடியில் கிடந்த ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டரைத்தான். ஒரே ஹார்ட் டிஸ்க். கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேரின் டேட்டா, ஆர்டர் தருகிற பையர் அனுப்பும் டெக்பேக் (உடுப்பின் அளவு, துணி விவரம்), பீஸ் ரேட் ஷீட் எல்லாம் அதற்குள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், பிராசஸர் மேலிருந்த ஃபேனைக் காணோம். காட்டன் பஞ்சு படிந்து படிந்து கம்பளி மாதிரி மூடியிருந்தது. விரலால் பிய்த்தால் முழுசாக உரிந்து வந்தது. டிஸ்க் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பேக்கப் ஒன்பது நாள் பழசு. லைன் சூப்பர்வைசர்களின் நோட்டை வாங்கி, கால்குலேட்டரில் கூட்டி, ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கடைசி ஆளை அனுப்பினோம்.

திங்கள் காலை முதலாளி ஒரே கேள்வி கேட்டார். "ஏனம்மிணி, புதுசு வாங்குனா, அது படுத்துட்டா வேல எத்தன நேரம் நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஒரு மாதம் நான் கடை கடையாக அலைந்தது இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். கணக்குப் பார்க்கிற ஆள் நான். சிஸ்டம் படிப்பு படித்தவள் இல்லை.

கோயம்புத்தூரில் ஒருவர், அலமாரித் தட்டு மாதிரி அடுக்கி வைக்கிற பழைய ரேக் சர்வர் காட்டினார். இரண்டு பிராசஸர், 64 ஜிபி ரேம், புதுசின் பாதி விலை. ஆன் செய்யச் சொன்னேன். உள்ளங்கை அளவு ஃபேன்கள் வரிசையாகச் சுழன்று எழுப்பிய சத்தத்தில் அவர் பேசுவதே கேட்கவில்லை. எங்களுடையது ஒரே ரூம் ஆபீஸ். ஏற்கெனவே பவர் டேபிள் தையல் மெஷின்களின் சத்தம் கதவைத் தாண்டி வருகிறது, இது வேறயா? போதாக்குறைக்கு வாரண்டியும் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சாதா கம்ப்யூட்டர் பெட்டி மாதிரி நிற்கிற டவர் சர்வர் போதும் என்று முடிவானது. டெல் டி150, எச்பிஇ எம்எல்30 இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கினேன். பிராசஸரில் பெரிய வித்தியாசம் இல்லை. டி150-இல் டிஸ்க் உள்ளே கேபிளில் நிற்கும்; மாற்ற வேண்டுமானால் மெஷினை நிறுத்த வேண்டும். எம்எல்30-இல் ஓடும்போதே முன்பக்கமிருந்து உருவி மாற்றுகிற மாடல் உண்டு. முதலாளியின் கேள்வியை நினைத்து இரண்டாவதை எடுத்தோம். இரண்டு 2 டிபி டிஸ்க், ரெய்டு 1 முறையில், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படும். மூன்று டிஸ்க் போட்டு, டேட்டாவைப் பிரித்து எழுதுகிற ரெய்டு 5 பண்ணலாம் என்றார் டீலர். ஒன்று போனால் இன்னொன்றில் முழு காப்பி இருக்கும் என்பதே எனக்குப் புரிகிற கணக்கு, அது போதும் என்றேன்.

அதே டீலர், "ரெண்டு டிஸ்க் இருக்குதுங்களே, தனியா பேக்கப் எதுக்குங்க?" என்றார். பையர் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசர் பையன் ஒருதரம் ஒரு பையரின் ஃபோல்டரையே டெலீட் செய்தவன். ரெய்டில் அந்த டெலீட்டும் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக நடக்கும். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் தனியாக வாங்கினேன். ஒன்று ஆபீஸில், ஒன்று முதலாளி வீட்டு பீரோவில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் தலை சுற்றியது. சாதா விண்டோஸ் புரோவில் 20 கருவி வரைதான் இணைய அனுமதி. எங்களுடைய 14 சிஸ்டம், பிரிண்டர், அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாம் கூட்டினால் 19, இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு என்றால் குறைந்தது 16 பிராசஸர் கோருக்குக் காசு, அதற்கு மேல் ஆளுக்கொரு சிஏஎல், அதாவது சர்வரில் இணைவதற்கான தனி லைசென்ஸ். கொட்டேஷனை டீலர் "15 கால்" என்று வாசிக்க, "சர்வருக்கு எதுக்குய்யா இத்தன காலு?" என்று முதலாளி சிரித்துவிட்டார். 25 பேருக்குள் இருக்கிற இடத்துக்கு எசென்ஷியல்ஸ் என்று ஒரு பதிப்பு இருப்பதை, நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அதற்கு சிஏஎல் வேண்டாம். அதையே வாங்கினோம். "ஆக்டிவேட் பண்ணித் தந்துடறனுங்க" என்ற இன்னொருவரின் திருட்டு காப்பி யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு கூத்து. முதலாளியின் மச்சான் பையன், பிரித்த சர்வரிலிருந்து 32 ஜிபி ரேம் மலிவாகக் கொண்டுவந்தான். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின்தான் ஆன் ஆகவில்லை. அது பெரிய சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ரேம். இந்த மெஷின் கேட்பது ரெஜிஸ்டர் இல்லாத, பிழை திருத்துகிற இசிசி ரேம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. இப்போது அது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

பெட்டி வந்த அன்றே ஆன் செய்யவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தார், 11 வோல்ட். "இதுல சர்வர் போட்டா போர்டு போயிரும் அம்மிணி" என்றார். எர்த் குழி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த கிளாம்பை மாற்றியதும் 2 வோல்ட்டுக்கு வந்தது. அப்புறம்தான் 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், தரையிலிருந்து ஓரடி உயர ஸ்டாண்டு. மேஜைக்கடி இனிக் கிடையாது. மாதம் ஒருமுறை வெளியே தூக்கிப்போய் புளோயர் அடிக்கிறோம்.

வாரண்டி மூன்று வருஷம், ஆன்சைட், அடுத்த வேலை நாள். இன்ஜினியர் எங்கிருந்து வருவார் என்று கேட்டு, கோயம்புத்தூர் என்று எழுதி வாங்கினேன். சனிக்கிழமை புகார் கொடுத்தால் திங்கள்தான் வருவார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சோதித்துப் பார்த்தேன். மெஷின் ஓடும்போது ஒரு டிஸ்கை உருவினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது, டேலி நிற்கவில்லை. திருப்பிச் செருகியதும் தானே சேர ஆரம்பித்து, முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு சர்வரையே நிறுத்திவிட்டு, யுஎஸ்பி பேக்கப்பிலிருந்து டேலியை என் லேப்டாப்பில் ஏற்றி, மற்ற சிஸ்டங்களை அதில் சேர்த்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷம்.

திங்கள் காலை போய்ச் சொன்னேன். "ரெண்டு மணி நேரம்ங்க. அதுக்கு மேல நிக்காது."

"சனிக்கிழமையும் அதேதானா?"

"அதேதானுங்க. ஸ்பேர் டிஸ்க் ஒண்ணு வாங்கி வெச்சா இன்னும் நல்லதுங்க."

தீபாவளி போனஸ் முடியட்டும் என்றிருக்கிறார்.